சார்பதிவாளர் மணிமொழியின் கச்சேரி

மயிலாப்பூரில் மார்கழி மாதத்துப் பகல் கச்சேரிக்கு வருகிறவர்களைப் பற்றி ஊருக்குள் ஒரு கேலி உண்டு. மேடையில் பாடுகிறவருக்குச் சித்தப்பா, அத்தை முறை ஆகிறவர்கள் பாதி. கேண்டீனில் பந்தி போடும்வரை மின்விசிறிக்குக் கீழே உட்கார இடம் தேடி வந்தவர்கள் மீதி. பாட்டுக்காகவே வருகிறவர்களும் உண்டு, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவர்களை உட்காரவைக்க ஒரு பெஞ்சு போதும்.

அப்படிப்பட்ட பகல் கச்சேரிக்கு, எட்டு வருஷமாக, அரங்கு நிரம்பிச் சுவரோரம் ஆள் நிற்கிற அளவுக்குக் கூட்டம் வந்தது என்றால் அது மணிமொழிக்குத்தான். இத்தனைக்கும் அவர் அப்போது முழுநேரப் பாடகி இல்லை. தென்சென்னையில் ஓர் அலுவலகத்தில் சார்பதிவாளர். வீடோ மனையோ, எது கைமாறினாலும் அவர் கையெழுத்து விழுந்தால்தான் பத்திரம் பத்திரமாகும்.

சைதாப்பேட்டையில் பிறந்தவர். அப்பா மாநகராட்சிப் பள்ளியில் தமிழாசிரியர். மகளுக்கு மணிமொழி, மகனுக்குச் சேரன் என்று பெயர் வைத்தார். மகளுக்குக் குரல் இருக்கிறது என்று தெரிந்ததும் தமிழிசை கற்கவும் அனுப்பினார். மேடை ஏற்றிப் பார்ப்பதற்குள் மனிதர் கண்ணை மூடிவிட்டார். மணிமொழி அரசுத் தேர்வு எழுதி வேலைக்குப் போனார். தம்பியைப் படிக்கவைத்தார். தம்பி புனேவுக்குப் போய், அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே தங்கிவிட்டான். அக்காவுக்கு வந்த வரன்களில் ஒருவர் கல்யாணத்துக்கு அப்புறம் பாட்டு எதற்கு என்றார், இன்னொருவர் வேலை எதற்கு என்றார். பாட்டும் வேலையும் இருக்கட்டும், நீங்கள் எதற்கு என்று மணிமொழி இருந்துவிட்டார். மந்தைவெளியில் ஒரு சின்ன ஃபிளாட். விடியற்காலையில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு சாதகம், பிறகு குளியல், பிறகு அலுவலகம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும்.

குரல் எப்படி என்று கேட்பீர்கள். கனமான குரல், கீழே இறங்கினால் நல்ல சுகம், மேலே போனால் கொஞ்சம் மூச்சு வாங்கும். நல்ல பாட்டு. ஓடிவந்து கேட்கவேண்டிய பாட்டு என்று பொய் சொல்ல மாட்டேன். எழுந்து போகவேண்டிய பாட்டும் இல்லை.

ஆனால் நேர்மையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டீயைக்கூட வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுபோவார். தீபாவளிக்கு வந்த இனிப்பு டப்பா வந்த கையோடு திரும்பிப் போகும். பத்திர எழுத்தர்களுக்கு இது தீராத தலைவலி. வாங்குகிற அதிகாரியை எப்படிக் குளிரவைப்பது என்பது அவர்களுக்குக் கைவந்த கலை. வாங்காத ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வழி கண்டுபிடித்தவர் வலியுல்லா. அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் பத்திரம் எழுதுகிறவர். மேடம் பாடுவாராம் என்று கேள்விப்பட்டு, கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு தி.நகரில் ஒரு கச்சேரிக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மறுநாள் மேடம் முகத்தில் ஒரு மலர்ச்சி. அன்றைக்கு வலியுல்லாவின் பத்திரம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பத்திரத்தில் தப்பில்லை, அதனால் வரவில்லை. ஆனாலும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் போதாதா, நம் ஊரில் கதை கட்ட? அடுத்த கச்சேரிக்கு இருபது பேர். அதற்கடுத்ததற்குத் தரமணி, வேளச்சேரி, அசோக் நகர் என்று மனைத் தரகர்களும் அடுக்குமாடி கட்டுகிறவர்களும் காரில் வந்து இறங்கினார்கள். வெள்ளைச் சட்டையும் பாக்கெட்டில் இரண்டு பேனாவுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்து, வழக்கமாக வரும் மாமிகள் ஏதோ கட்சிக் கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று பயந்துபோனார்கள். வலியுல்லா கை தட்டினால் அரங்கமே தட்டும். வலியுல்லாவுக்கு எப்போது தட்டவேண்டும் என்று தெரியாது. மேடம் கண்ணைத் திறந்தால் தட்டுவார்.

ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் மணிமொழிக்குத் தெரியவில்லை. தாசில்தார் வீட்டு நாய் செத்தால் ஊரே திரளும், தாசில்தாரே செத்தால் எட்டிப்பார்க்க ஆளிருக்காது என்ற பழமொழியை அவர் கேட்டதில்லையா? கேட்டிருக்கிறார், சொல்லியும் இருக்கிறார். பழமொழியெல்லாம் அடுத்தவர்களுக்குத்தானே! அவர் வேறு கணக்குப் போட்டார், அதுவும் நல்ல மனசுக்காரர்கள் மட்டுமே போடக்கூடிய தப்புக் கணக்கு. தான் தமிழில் பாடுவதால்தான் சபா பக்கமே தலைவைத்துப் படுக்காத ஜனங்கள் வருகிறார்கள் என்று நம்பினார்.

"புரியற மொழில பாடினா ஜனங்க ஏன் சார் வரமாட்டாங்க?" என்று சபா செயலாளர் ரகுபதியிடம் பெருமையோடு சொல்வார்.

"அதானே மேடம், அதானே" என்பார் ரகுபதி. அந்த மயிலாப்பூர் சபாவின் ஆண்டு மலரில் அடுக்குமாடி விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தன. அவை எங்கிருந்து வருகின்றன என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. மேடத்தின் சங்கீதம் கொண்டுவந்த லட்சுமி என்று அவரும் நம்பிவிட்டார்.

அந்த ரகுபதிதான் ஒருநாள் ஆரம்பித்தார். "நீங்க இப்படி ஆஃபீஸுக்கும் ஓடிண்டு, கச்சேரிக்கும் ஓடிண்டு இருந்தா எப்படி மேடம்? முழுசா பாட்டுக்கே வந்துடுங்கோ. வர்ற சீசன்ல உங்களுக்குச் சாயங்காலம் தரேன்."

சாயங்காலக் கச்சேரி என்றால் சும்மா இல்லை. பகலில் பாடுகிறவர்கள் வளர்கிறவர்கள். அதில் பலர் வளர்ந்துகொண்டே கிழவர்களாகிவிடுவார்கள். சாயங்காலம் டிக்கெட் போட்டுப் பாடுகிறவர்தான் பாடகர். மணிமொழிக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டார்.

"சர்வீஸ் இன்னும் நாலு வருஷம் இருக்குக்கா. முடிச்சிட்டுப் பாடேன். யார் வேணாம்னாங்க?" என்றான் சேரன்.

"நாலு வருஷம் கழிச்சு வேலை முடியும்டா. குரல் இருக்குமா?"

சேரன் பென்ஷன் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தான்.

"ஒரு தடவையாவது என்ன பண்றீங்கன்னு யாராவது கேட்டா, பாடறேன்னு சொல்லணும்டா. அது மட்டும்தான்" என்றார் மணிமொழி. ஜூன் மாதம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார்.

வழியனுப்பு விழாவில் கழுத்து தாங்காத அளவுக்கு மாலை. வலியுல்லா மைக்கைப் பிடித்து, "மேடம் எங்க பாடினாலும் நாங்க கீறோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரத்தில் அவர் அதை மனசோடுதான் சொன்னார்.

பிறகு போன் அடிப்பது நின்றுபோயிற்று. ஒரேயடியாக அல்ல, மழை விடுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக. வருஷா வருஷம் கூப்பிட்ட தி.நகர் சபாக்காரர், "பார்க்கலாம் மேடம், கமிட்டில பேசணும்" என்றார். ஆடியில் கச்சேரி குறைவுதானே என்று மணிமொழி தேற்றிக்கொண்டார். ஐப்பசியில் மழைமேல் பழி போட்டார். லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டியிருக்கிறார்கள், கார் நிறுத்த இடமில்லை, அதனால்தான் யாரும் கச்சேரி வைப்பதில்லை என்று கார்த்திகையில் ஒரு காரணம் கிடைத்தது. காலையில் பழக்கதோஷத்தில் புடவை மடிப்பு வைத்துக் கட்டிவிடுவார். கட்டிய பிறகு போக இடம் இருக்காது. நாகேஸ்வரராவ் பூங்காவில் போய் உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் நாலடி தள்ளி நின்று கும்பிடுகிற தரகர் ஒருவர் போனில் பேசிக்கொண்டே அந்த வழியாகப் போனார். பார்க்கவில்லை போலிருக்கிறது என்று மணிமொழி நினைத்துக்கொண்டார். தரகர் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மார்கழி வந்தது. ரகுபதி வாக்குத் தவறவில்லை, சாயங்காலத்தைக் கொடுத்தார். மணிமொழி அரக்குச் சிவப்பில் புதுப் பட்டுப்புடவை எடுத்தார். ஒரு மாதம் குளிர்ந்த தண்ணீரைத் தொடவில்லை. அந்த ஒரு மாலைக்காகத்தான் நாற்காலியை விட்டிறங்கினார் என்பதால், ராகம் ராகமாக யோசித்து, நடுவில் முகாரியை விஸ்தாரமாகப் பாடுவதென்று முடிவு செய்தார்.

அன்றைக்குத் திரைக்குப் பின்னால் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது ரகுபதி வந்தார். வாசலுக்கும் மேடைக்குமாக நடந்ததில் நெற்றியெல்லாம் வேர்வை.

"மேடம், நம்ம ஆளுங்கள்லாம் எங்கே?"

"எந்த ஆளுங்க சார்?"

"அதான், உங்க ஆஃபீஸ்... எப்பவும் வருவாளே." ரகுபதி பாதியில் நிறுத்திக்கொண்டார். "சரி, டிராஃபிக்கா இருக்கும். நீங்க ஆரம்பிச்சுடுங்கோ."

திரை விலகியது. இவ்வளவு நாற்காலிகள் இந்த அரங்கில் இருக்கின்றன என்பதையே மணிமொழி அன்றைக்குத்தான் பார்த்தார். எங்கேயோ ஒருவர், எங்கேயோ இருவர். கேண்டீன் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்த ஒரு தம்பதி. முதல் வரிசை முழுக்கக் காலி. அவர் பாட ஆரம்பித்தார். பாட்டு முடிந்தபோது கைதட்டல் கேட்டது. ஒவ்வொரு கையும் தனித்தனியாகக் கேட்டது. முகாரியை இழுத்து, நினைத்ததைவிட நன்றாகவே பாடினார். அந்தத் தம்பதி நடுவில் எழுந்து போனார்கள்.

பிறகு தனி ஆவர்த்தனம். பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் போட, மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற நேரம். எந்த சபாவிலும் காபிக்கு எழுந்து போகிற நேரமும் அதுதான். பல வருஷமாகக் கூட வாசிக்கிற அறிவு, மிருதங்கத்துக்குமேல் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"மேடம், சுருக்கமா முடிச்சிடட்டுமா?"

"வேணாம் அறிவு. முழுசா வாசிங்க."

அறிவு முழுசாக வாசித்தார். இருந்த சிலரும் எழுந்து போனார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு மணிமொழி தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். கை தவறவில்லை. உள்ளே என்னவோ இற்று விழுந்துகொண்டிருந்தது. 'நம்ம ஆளுங்க' என்று ரகுபதி சொன்னது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

அப்போதுதான் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வலியுல்லா வந்தார். மூச்சு இரைக்க வந்து, வழக்கமான முதல் வரிசையில் உட்கார்ந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதில் தேங்காய் துருத்திக்கொண்டிருந்தது. பையின்மேல் பெரிய எழுத்தில் செல்வி கயல், பரதநாட்டிய அரங்கேற்றம் என்றும், கீழே அவளுடைய அப்பாவின் பெயரும் அச்சிட்டிருந்தது. அந்த அப்பா யாரென்று மணிமொழிக்கு நன்றாகத் தெரியும். மணிமொழியின் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற புது சார்பதிவாளர். அவ்வளவுதான், வேறு யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. மீதிக் கச்சேரியை அவர் எப்படிப் பாடினார் என்று அவருக்கே நினைவில்லை. மங்களம் பாடினார், திரை விழுந்தது.

உள்ளறைக்கு வலியுல்லா தயங்கித் தயங்கி வந்தார். பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"டான்ஸ் முடிஞ்சிடுச்சா பாய்?" என்றார் மணிமொழி.

"இன்னும் ஓடிக்கினு கீது மேடம். நான் பாதில எழுந்து வந்துட்டேன்."

"எல்லாரும் அங்கதானா?"

"தலைய காட்டித்தானே ஆவணும் மேடம்? இல்லாங்காட்டி வேலை ஓடாது. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியாது பாய். இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது." புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "எனக்கு வந்ததும் இப்படித்தானா?"

வலியுல்லா தரையைப் பார்த்தார். "நான்தான் மேடம் எல்லாரையும் இட்டுக்கினு வந்தேன். நீங்க ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டீங்க. இன்னாதான் பண்ணச் சொல்றீங்க? பாட்டுன்னா உங்களுக்கு உசுரு. சரி, அதையாவது கேப்போம்னு வந்தோம்."

மணிமொழி சிரித்தார். சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. "ஒரு பைசா வாங்கினதில்லன்னு எவ்ளோ திமிரா இருந்தேன் பாய். எட்டு வருஷமா கைதட்டலா வாங்கியிருக்கேன். அதுவும் வட்டிமேல வட்டியா."

"அய்யோ, அப்டிலாம் சொல்லாதீங்க மேடம்."

"வேற எப்படிச் சொல்றது? சரி, இன்னிக்கு எதுக்கு வந்தீங்க? என்கிட்ட இப்ப கையெழுத்து இல்லையே."

வலியுல்லா பையைக் கீழே வைத்தார். "எங்க அக்கா குல்சும் ஒரு தபா கையெழுத்துப் போட வந்துச்சு மேடம். மச்சான் மௌத்தானப்புறம் கொழுந்தனுங்க அதோட பாகத்த எழுதி வாங்க இட்டுக்கினு வந்தானுங்க. நான்தான் அந்தப் பத்திரத்தயே எழுதினேன். கூடப் பொறந்தவன், வாயத் தொறக்கல. நீங்க எங்க எல்லாரையும் வெளிய போவச் சொன்னீங்க. நான் கதவாண்ட நின்னு கேட்டுக்கினு இருந்தேன். 'பயப்படாதீங்கம்மா, மனசாரத்தான் எழுதித் தர்றீங்களா?'ன்னு கேட்டீங்க. அம்மாந்தான். அது அழுதுடுச்சு, போட மாட்டேன்னுடுச்சு. இன்னிக்கும் அந்த வூட்லதான் கீது." பையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். "அந்தக் கொரலுக்காக வந்தேன் மேடம்."

"பாட்டுக்காக இல்ல?"

"பாட்டப் பத்தி எனக்கு இன்னா மேடம் தெரியும்?"

"எத்தனை வருஷமா கேக்கறீங்க. இன்னிக்கு எப்படி இருந்துச்சு, நல்லா இருந்துச்சா?"

இதே கேள்விக்கு எட்டு வருஷமும் "சூப்பர் மேடம்" என்று சொன்னவர், அன்றைக்கு யோசித்தார். "தெரில மேடம்" என்றார்.

அவர் போன பிறகு மணிமொழி அந்த அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வந்த கூட்டமெல்லாம் பொய் என்பது ஒரு வலி. உண்மையாக வந்த ஒரே ஆளும், தான் விட்டுவிட்டு வந்த நாற்காலியிலிருந்து பேசிய குரலைத் தேடி வந்தவர் என்பது அதைவிடப் பெரிய வலி. அப்படியானால் பாடுகிற மணிமொழியைக் கேட்க இந்த ஊரில் யார்தான் இருக்கிறார்கள்? அரங்கத்து ஆள் வந்து ஒவ்வொரு மின்விசிறியாக நிறுத்திவிட்டு, பூட்டவேண்டும் என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தார்.

தை மாதம் முழுக்கச் சுருதிப் பெட்டியை அவர் தொடவில்லை. வேலைக்குத் திரும்ப முடியாது, பாட்டுக்கும் முகமில்லை. சேரன் புனேவுக்கு வந்துவிடு என்றான். போய்ப் பத்து நாள் இருந்தார். தம்பி மனைவி ஈவ்லின் தங்கமானவள், ஆனாலும் அது அவர்கள் வீடு. திரும்பி வந்த மறுநாள் விடியற்காலை, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், சுருதிப் பெட்டியைப் போட்டார். குரல் துருப்பிடித்திருந்தது. அது தெளிய மாசி ஆயிற்று.

பிறகு அவரே ரகுபதியைப் போய்ப் பார்த்தார். ரகுபதிக்குச் சங்கடம், முகத்தைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷ மலர் ஒல்லியாகிவிட்டிருந்தது.

"சாயங்காலம் கேக்க வரல சார். பகல்ல, எந்த நேரம் மிச்சம் இருக்கோ, அதைக் குடுங்க."

"உங்களுக்கு எதுக்கு மேடம் இந்தக் கஷ்டம்?"

"நான் பாடறவ சார். வேற எங்க போவேன்?"

அடுத்த மார்கழியில், யாரும் வேண்டாமென்று தள்ளிய ஒரு பகல் பொழுது அவருக்குக் கிடைத்தது. வலியுல்லாவுக்கு அவர் சொல்லவில்லை. யாருக்குமே சொல்லவில்லை. திரை விலகியபோது அங்கொருவர் இங்கொருவராக நாலைந்து பேர் இருந்தார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் ஒருவர் எழுந்து, செருப்புச் சத்தம் கேட்க நடந்து வெளியே போனார். மணிமொழிக்குச் சுருக்கென்றது. அடுத்த அடியை எடுக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. கூட்டம் கூட்டமாக வந்த அந்த எட்டு வருஷத்தில் ஒருவர்கூட இப்படி நடுவில் எழுந்து போனதில்லை. போக அவர்களுக்குத் துணிச்சல் கிடையாது. இவர்களுக்கு என்ன பயம்? பிடிக்காவிட்டால் போகலாம், கேண்டீன் பக்கத்தில்தான் இருக்கிறது. மற்றவர்கள் போகவில்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் கொஞ்சமாகக் கை தட்டிவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், அவரவர் வழியில் போனார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, புடவையைக்கூட மாற்றாமல் சேரனுக்குப் போன் போட்டார்.

"கூட்டம் எப்படிக்கா?" என்று பயந்துகொண்டே கேட்டான் தம்பி.

"நாலஞ்சு பேர்டா. ஒருத்தர் போயிட்டார்."

"அவ்ளோதானா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "யாருக்கா அவங்க? நமக்குத் தெரிஞ்சவங்களா?"

வந்தது சந்தோஷமா அழுகையா என்று மணிமொழிக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"தெரியாதுடா சேரா. ஒருத்தரைக்கூட எனக்கு யாருன்னே தெரியாது."